525 மடங்கு டெலஸ்கோப் பரணுக்குப் போன கதை! சென்னை மொட்டைமாடியில் ஒரு நட்சத்திரத் தேடல்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தது. பள்ளிக்கரணையில் அந்த மூன்று மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கரன்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. இரவு எட்டு மணிக்கு மொத்தக் குடித்தனமும் மொட்டைமாடியில் கூடியிருந்தது. பெரியவர்கள் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி மட்டும் செல்போனுக்கு மேலே இருந்ததைப் பார்த்தாள்.

மேகம் விலகிய இடங்களில் அவள் அதுவரை பார்த்திராத ஒரு வானம். உச்சிக்குப் பக்கத்தில் வியாழன், விளக்குபோல. கிழக்கே ஒரு சின்னக் கொத்து.

"பாட்டி, அது என்ன கொத்தா இருக்கு?"

"அதான் கார்த்திகை. ஆறு இருக்கும், எண்ணு கண்ணு."

எண்ணினாள். ஆறு இருந்தது. போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பாட்டிக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "இதென்ன பிரமாதம்? எங்க ஊர்ல வாசல்ல பாயைப் போட்டுப் படுத்தா இதுக்கு மேல தெரியும்" என்றார்.

மறுநாள் ராத்திரி கரன்ட் வந்தது. தெருவே கைதட்டியது. சிறுமி மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது கார்த்திகை இருந்த இடத்தில் ஒரு மங்கலான திட்டு. எண்ண முடியவில்லை.

அங்கிருந்துதான் அந்த வீட்டில் டெலஸ்கோப் பேச்சு ஆரம்பித்தது.

பெட்டியில் இருந்த வானம்

ஜனவரியில் அவளுடைய பிறந்தநாள். அப்பா ஆன்லைனில் தேடி ஒரு டெலஸ்கோப் ஆர்டர் செய்தார். அட்டைப்பெட்டியின் மேல் ஊதாவும் சிவப்புமாக ஒரு நெபுலா படம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் '525 மடங்கு பெரிதாக்கும்' என்ற அறிவிப்பு. உள்ளே இருந்தது 60 மில்லிமீட்டர் லென்ஸும், கேமரா ஸ்டாண்டைவிட ஒல்லியான கால்களும்.

முதல் ராத்திரி நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். புள்ளியாகத் தெரிந்தது. பெரிதாக்கினார்கள். நடுங்கும் புள்ளியாகத் தெரிந்தது. குழாயை லேசாகத் தொட்டாலே வானம் முழுக்க ஆடியது. வியாழனைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, "இப்போ பாரு பாப்பா" என்று அப்பா நகர்ந்து, மகள் வந்து குனிவதற்குள் வியாழன் ஓடிவிட்டது. நான்கே நாளில் அது பரணுக்குப் போய், பழைய ஸ்டெபிலைசர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சென்னையில் இப்படிப் பரண் ஏறிய டெலஸ்கோப்புகள் ஏராளமாக இருக்கும். குழந்தைக்கு ஆர்வம் போய்விட்டது என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பாழானது பெட்டிக்குள் இருந்த பொருள்தான்.

கணக்கு எளிமையானது. ஒரு டெலஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அதன் குவியத் தூரத்தைக் கண்வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. 700 மி.மீ. குழாயில் 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 70 மடங்கு. சின்ன ஐபீஸும் கூடுதல் லென்ஸும் சொருகி இதை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால், உருப்படியாகத் தெரிவது முகப்பு லென்ஸின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும் எண் வரைதான். 60 மி.மீ. லென்ஸுக்கு 120. அதற்கு மேல் படம் பெரிதாகும். மங்கலும் சேர்ந்து பெரிதாகும். ஆக, பெட்டியில் எத்தனை மடங்கு என்று பெரிதாக அச்சிட்டு, லென்ஸின் அகலத்தை மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தால், கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம். டெலஸ்கோப்பின் வேலை முதலில் வெளிச்சத்தைச் சேர்ப்பது. பெரிதாக்குவது அதற்கு அப்புறம்தான்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்தூண்

சென்னையில் வானம் பார்ப்பதா என்று சிரிப்பவர்களை, பள்ளிக்கரணைக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் உள்ள நுங்கம்பாக்கத்துக்கு அழைத்துப்போக வேண்டும். கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் இங்கே எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் டெலஸ்கோப்பைத் தாங்கிய தூண் அது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதன்மேல் எழுத்து செதுக்கியிருக்கிறார்கள்.

1861 ஏப்ரலில் இங்கிருந்துதான் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்குப் பெயரே 'ஆசியா'. அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி கூடிக்குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். 'ஆர் ரெட்டிகுலி' என்ற அந்த நட்சத்திரம் வானத்தின் தென்கோடியில் இருப்பது. சென்னையில் அது எவ்வளவு மேலே ஏறினாலும் தென் அடிவானத்திலிருந்து 14 டிகிரிதான் வரும். இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று தெற்கே 14 டிகிரியைப் பார்த்தால் தெரிவது தி.நகர் வெளிச்சம்.

எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று அளக்கும் அளவுகோலும் போக்சன் தந்ததுதான். சென்னை வருவதற்கு முன்பே, 1856-ல், நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு அவர் ஒரு கணக்கு வகுத்தார். ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்கு. நல்ல இருட்டில் கண்ணுக்கு ஆறாம் படி வரை தெரியும். ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் நட்சத்திரங்கள் எண்ணலாம். சென்னையின் நடுப்பகுதியில் மூன்று, மூன்றரைப் படியோடு கதை முடிந்துவிடும். நூறு, நூற்றைம்பது தேறினால் அதிகம்.

மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது இதில் ஒரு திருப்பம். சோடியத்தின் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே மஞ்சள் நிறம். அதை மட்டும் தடுக்கும் ஃபில்டர் போட்டால் ஓரளவு பலன் இருந்தது. எல்.இ.டி. எல்லா நிறத்தையும் கலந்து வீசுகிறது. அதிலுள்ள நீலம் காற்றில் அதிகம் சிதறுகிறது. ஒளி மாசை வடிகட்டும் ஃபில்டர் என்று விற்பதை வாங்கும்முன் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு ஊருக்கு வெளியே பஸ் டிக்கெட் வாங்கினால் லாபம்.

ஆனாலும், நகர வெளிச்சத்துக்கு எல்லாமே அடிபணிவதில்லை. நிலவும் கோள்களும் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. இரட்டை நட்சத்திரங்களும் அப்படித்தான். அதிலும் சென்னைக்கு ஒரு வரம் உண்டு. 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் கோள்கள் இங்கே ஏறக்குறைய தலைக்கு மேலேயே நடந்துபோகின்றன. லண்டன்காரர் அடிவானப் பனிமூட்டத்துக்குள் எட்டிப் பார்க்கும் சனியை, வேளச்சேரிக்காரர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறார். உச்சியில் காற்றுப் படலமும் மெல்லியது, நகரத்தின் பளபளப்பும் குறைவு.

"இப்போதைக்கு வாங்காதீங்க சார்"

பிப்ரவரி 16, அரை நிலா நாள். சிறுமியின் பள்ளி மைதானத்தில் சில தன்னார்வலர்கள் வந்து எட்டு அங்குல டெலஸ்கோப்பை நிறுத்தினார்கள். பார்ப்பதற்குத் தண்ணீர் ஹீட்டரை மரப்பெட்டியில் சாய்த்துவைத்த மாதிரி. வரிசையில் நின்று அவள் கண் வைத்தாள். வியாழனின் குறுக்கே இரண்டு பட்டை. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிலாப் புள்ளிகள்.

"அப்பா, உள்ளே ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்களா?"

அப்பா அங்கேயே, "இது எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்று ஆரம்பித்துவிட்டார். தன்னார்வலர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இப்போதைக்கு வாங்காதீங்க சார். ஆறு மாசம் பைனாகுலர்ல பார்க்கட்டும். அப்பவும் கேட்டாள்னா வாங்கிக் கொடுங்க" என்றார்.

காசு மிச்சம் என்பதால் மட்டும் சொன்ன யோசனை இல்லை அது. 10x50 பைனாகுலர் என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும், லென்ஸின் அகலம் 50 மி.மீ. இருட்டில் விரிந்த கண்மணியைவிட ஐம்பது மடங்கு வெளிச்சம் சேர்க்கும். வியாழனின் நிலாக்கள், நிலவின் பள்ளங்கள், ஓரியன் நெபுலாவின் மங்கல் புகை எல்லாம் சென்னையிலேயே சிக்கும். கை நடுங்கினால் மாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். அல்லது பாயில் மல்லாந்துவிடலாம். சிறுவர்களுக்கு 7x50 இன்னும் சுகம். 20x80 போன்ற பீரங்கிகளை ஸ்டாண்டு இல்லாமல் பிடிக்க முடியாது. ஜூம் பைனாகுலரும், லென்ஸில் ரூபி சிவப்பாகப் பூச்சு மின்னுவதும் வேண்டவே வேண்டாம். கடையிலேயே தூரத்து விளக்கு ஒன்றைப் பார்த்து, இரண்டு கண்ணுக்கும் ஒரே விளக்காகச் சேர்கிறதா என்று சோதிக்க வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் அன்றைக்குத் தலைவலி உறுதி.

ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால்? அந்த மைதானத்தில் நின்ற வகைதான். அதற்குப் பெயர் டாப்சோனியன். அதை உருவாக்கிய ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். ராமகிருஷ்ண மடத்தின் வழிவந்த சங்கம் அது. கையில் காசில்லாத துறவி, வீணான கண்ணாடி, அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை என்று கிடைத்ததை வைத்துக் கருவி செய்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிலவு காட்டினார். இந்த வேலை துறவுக்கு இடைஞ்சல் என்று 1967-ல் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டே நடைபாதை வானியலாளர்கள் என்று ஓர் அமைப்பே தொடங்கினார்.

பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவைக்கும் 'ஈக்வடோரியல்' ஸ்டாண்டை நம்மூர்க் கடைகளில் பெருமையாகக் காட்டுவார்கள். அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். சென்னையில் அந்த நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் மேலே. பக்கத்து அபார்ட்மென்ட்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். டாப்சோனியனுக்கு இந்த வம்பே இல்லை. மேலே கீழே, இடது வலது. குழந்தை கூடத் தள்ளும்.

ஆறு அங்குல டாப்சோனியன் கண்மணியைவிட நானூறு மடங்குக்கு மேல் வெளிச்சம் சேர்க்கும். ஆனால், எடை 15 கிலோவைத் தொடும். எட்டு அங்குலம் 20 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்க முடியுமா, அசோசியேஷன் மொட்டைமாடிச் சாவியைத் தருமா, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகே பணம் கட்ட வேண்டும். வெயிலில் காய்ந்த தளம் ஒன்பது மணி வரை அனல் விடும்; அந்த அலையில் கோள் கொதிக்கும் தண்ணீரில் கிடப்பதுபோல் நெளியும். கருவியை அரைமணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்துத் தாமதமாகப் போவது நல்லது. இன்னொரு எதிரி, கடற்காற்றின் ஈரம். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கதை முடிந்தது. பைனாகுலரும் ஐபீஸும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு இருக்கட்டும்.

எந்தக் கருவியானாலும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. ஐபீஸில் திருகும் 'சன் ஃபில்டர்' என்று மலிவுப் பெட்டிகளில் வருவதைக் குப்பையில் போடுங்கள். வெப்பத்தில் விரிசல் விட்டால் ஒரு நொடியில் கண் போய்விடும்.

சனியைப் பார்க்க வாங்குகிறவர்களுக்கு ஒரு சேதி: அதன் வளையம் 2025-ல் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாக மெலிந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். கோடாகத் தெரிந்தால் கருவி மேல் கோபப்பட வேண்டாம்.

பாட்டி ஊர் வானம்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை மேகம். டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் எரிகல் பொழிவைப் பாதி ஆண்டுகள் மேகமே பார்த்துவிடுகிறது. போகிப் புகை அடங்கிய பிறகு, ஏப்ரல் வரைதான் பொன்னான காலம். வெளியூர் போகாமல் கொஞ்சம் இருட்டு வேண்டுமென்றால் கிழக்கே பார்க்க வேண்டும். நிற்கும் கப்பல்களைத் தவிர கடலுக்குள் யார் விளக்குப் போடப் போகிறார்கள்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டிவிட்டால் தென்கிழக்கு வானம் வேறு நிறத்தில் இருக்கும்.

பள்ளிக்கரணைக் குடும்பம் இன்னும் தூரம் போனது. 2024 மார்ச் 9, சனிக்கிழமை, மறுநாள் அமாவாசை. பாட்டியின் ஊர் வழியாக, போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர். டெலஸ்கோப் இல்லை. பைனாகுலர், பாய், ஃபிளாஸ்க்கில் காபி, சிவப்பு ஜிகினா பேப்பர் சுற்றிய டார்ச். வெள்ளை வெளிச்சம் பட்டால், இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக அரை மணி நேரம் ஆகும் என்பதால் அப்பாவின் செல்போன் பறிமுதல்.

இதே மலையின் இன்னொரு பக்கத்தில்தான் காவலூர். வேணு பாப்பு தேடி, அறுபதுகளில் தேர்ந்தெடுத்த இடம். தென் வானம் நன்றாகத் தெரிய வேண்டும், ஊர் வெளிச்சம் எட்டக் கூடாது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டெடுத்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் டெலஸ்கோப் பாப்புவின் பெயரையே தாங்குகிறது. பார்வையாளர்களை எந்த நாளில், எந்த நேரத்தில் அனுமதிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். இன்னும் இருட்டு வேண்டும் என்பவர்களுக்கு லடாக்கில் ஹான்லே இருக்கிறது. 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு விமான டிக்கெட்டும், 4,500 மீட்டர் உயரத்தைத் தாங்கும் நுரையீரலும் வேண்டும்.

எட்டு மணிக்குச் சிறுமி முதலில் தேடியது கார்த்திகையை. மேற்கே பாதி உயரத்தில் இருந்தது. ஆறு. ஏழாவதாக ஒன்று வந்து வந்து போனது. பைனாகுலரை வைத்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். தெற்கே அகத்திய நட்சத்திரம், தனியாக.

அதிகாலை நான்கு மணிக்கு அம்மா எழுப்பினார். தென்கிழக்கில் வெண்மையாக ஏதோ ஏறியிருந்தது.

"அய்யோ, மேகம் வந்துடுச்சும்மா!"

"மேகமா இருந்தா நட்சத்திரத்தை மறைக்கணும்ல? நல்லா பாரு."

அது மறைக்கவில்லை. தேளின் வாலுக்குப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடந்த பால்வீதி. பைனாகுலரில் அந்த வெண்மை பொடிப்பொடியாக உடைந்தது. பரணில் கிடக்கும் அந்த 525 மடங்கால் காட்ட முடியாத காட்சி, பத்து மடங்கில்.

மாடி விளக்கு

ஊர் திரும்பிய பிறகு பிரச்னை வேறு வடிவில் வந்தது. குடியிருப்பின் மொட்டைமாடியில் திருட்டு பயத்துக்காகப் போட்ட ஃபிளட் லைட் ஒன்று, தளத்தைவிட வானத்துக்கே அதிகம் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. அணைக்கச் சொன்னால் செயலாளர் மசியவில்லை. "அணைச்சா தண்ணி டேங்க் பக்கம் எவன் வர்றான்னு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான கேள்விதான். எலக்ட்ரீஷியனை வைத்து விளக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பி, மேலே ஒரு தகர மூடி மாட்டினார்கள். தொட்டிப் பக்கம் முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. கண் கூசவில்லை. சனிக்கிழமை மட்டும் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை அணைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை செயலாளரே மேலே வந்தார். வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் எழும்பியிருந்தது. பாட்டி பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, "வால்ல நடுவுல இருக்கிறது வசிட்டர். ஒட்டினாப்ல சின்னதா இருக்கு பாருங்க, அருந்ததி" என்றார்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"என் கல்யாணத்துல ஐயர் இதைக் காட்டினாரும்மா. பகல் பதினோரு மணி. எதுவும் தெரியல, தெரியுதுன்னு தலையாட்டினேன்."

அடுத்த வாரம் அனுமதி பத்தரை வரை நீண்டது.